புள்ளி ஊருக்கு எத்தனை கம்பெனி?

அச்சரப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் அருணகிரி பொதுவாக நல்ல மனிதன். யார் நன்றாக வாழ்ந்தாலும் அவனுக்குச் சந்தோஷம்தான், அந்த ஆள் இனியனாக இல்லாத வரையில்.

இனியன் அவனுடைய சகலை. அருணகிரியின் மனைவி ஜெயப்பிரியாவின் தங்கை ரோகிணியைக் கட்டியவன். சிறுசேரியில் ஐடி கம்பெனி ஒன்றில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது சொந்தமாகக் கம்பெனி தொடங்கியிருந்தான். மாமனார் வீட்டு விசேஷங்களில் மின்விசிறிக்கு நேர் கீழே போடப்படும் நாற்காலி இனியனுக்கு. அருணகிரிக்கு வாசல் பக்கம், செருப்புகளோடு. மாமனார் இருவரிடமும் உலக நடப்பு விசாரிப்பார். இனியனிடம் அமெரிக்காவைப் பற்றி. அருணகிரியிடம் மின்தடையைப் பற்றி.

அந்த இனியனை வெல்ல அருணகிரிக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கொண்டுவந்தவர் செங்கம்மாள்.

செங்கம்மாள் செய்யூர் பக்கம் செக்கு வைத்துக் கடலை எண்ணெய் ஆட்டுகிறவர். எண்ணெய்க்கு நல்ல பேர். அந்தப் பேரையே சென்னையில் யாரோ திருடி, கலப்பட எண்ணெயில் 'செங்கம்மாள்' என்று லேபிள் ஒட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கியவர்கள் போனில் கூப்பிட்டு உண்மையான செங்கம்மாளைத் திட்டினார்கள். இணையத்தில் தன் பெயரிலேயே ஒரு கடை இருந்தால் ஜனங்கள் நேராகத் தன்னிடம் வாங்குவார்கள் என்று அவர் கணக்குப் போட்டார்.

"இங்கிலீசுல பேரு போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்க்கா" என்றான் அருணகிரி.

"அத்த நான் படிக்க முடியுமா? எம் பேரை நான் படிக்க வேணாமாபா?"

நியாயம்தான். இணையத்தில் தமிழிலேயே பெயர் வைத்து, 'டாட் காம்' மாதிரி வாலில் 'புள்ளி ஊர்' என்று முடிக்கும் வசதி வந்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. அதை ஆள்வதற்குப் புள்ளி ஊர் வலைப்பெயர் வாரியம் என்று ஒன்று இருந்தது. பெயர்களைப் பதிவு செய்துகொடுக்க அந்த வாரியம் ஒரே ஒரு கம்பெனியை அனுமதித்திருந்தது, தற்காலிகமாக. அந்தத் தற்காலிகத்துக்குத்தான் ஏழு வயது.

செங்கம்மாள் எண்ணெய் புள்ளி ஊர் என்ற பெயருக்கு அருணகிரி விண்ணப்பித்து எட்டு மாதம் கழித்து அந்தக் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: 'எண்ணெய் என்பது ஓர் ஊரா என்று ஆராய்ந்து வருகிறோம்.'

அதே வாரம் வாரியத்தின் அறிவிப்பும் வந்தது. எத்தனை கம்பெனிகளை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்ய மாமல்லபுரத்தில் கூட்டம். மக்கள் கருத்துச் சொல்லலாம். பதிவு நிறுவனமாக விரும்புவோர் விண்ணப்பிக்கலாம்.

அருணகிரி அன்றே உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பினான். பதினான்காம் கேள்வி: புள்ளி ஊர் பெயர்களைப் பதிவு செய்வதில் ஐந்தாண்டு அனுபவம் உண்டா? பதினைந்தாம் கேள்வி: இதுவரை புள்ளி ஊர் பெயர் எதையும் பதிவு செய்ததில்லை என உறுதியளிக்கவும். அவன் வாரியத்தின் செயலர் மார்கரெட்டுக்குப் போன் போட்டான்.

"மேடம், பதினாலுக்கு ஆமான்னு போட்டா பதினஞ்சு பொய்யாயிருதே?"

"அதனால்தான் தனித்தனிக் கேள்விகளாக வைத்திருக்கிறோம்" என்றார் மார்கரெட்.

அவன் இரண்டுக்கும் ஆமாம் போட்டான். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில், செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது நாக்கு அரித்தது. பந்தியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டான். மாமனார் சாம்பார் ஊற்றுவதை நிறுத்தி அவனைப் பார்த்தார். இனியன் மட்டும் ஒன்றும் தெரியாதவன்போலக் கேட்டான்: "வலைப்பெயர் பதிவுன்னா எப்டி சகலை? கொஞ்சம் சொல்லேன்."

அருணகிரி முக்கால் மணி நேரம் சொன்னான். அங்கே கிடந்த ஒரு நோட்டின் பின்னட்டையில் படம் போட்டுக்கூடக் காட்டினான்.

கூட்டத்தன்று காலை செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக நின்றுகொண்டே போனான். மாமல்லபுரம் நெருங்கும்போது ஒரு வெள்ளைக் கார் பஸ்ஸை முந்திக்கொண்டு போயிற்று. கண்ணாடி ஏற்றியிருந்தாலும் உள்ளே இருந்தது இனியன்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கடற்கரை விடுதியின் வாசலில் மேசை போட்டு அடையாள அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இனியனுக்குப் பச்சை நாடா. 'துறை வல்லுநர்' என்று எழுதியிருந்தது. அருணகிரிக்குச் சாம்பல் நாடா. 'பொது'.

"அவரு எப்டிங்க வல்லுநரு?" என்றான் அருணகிரி.

"விண்ணப்பத்தோடு ஒரு படம் இணைத்திருக்கிறார். வலைப்பெயர் முறையை மிகத் தெளிவாக விளக்கும் படம்" என்றாள் மேசையில் இருந்த பெண். எடுத்தும் காட்டினாள். மாமனார் வீட்டில் அவன் படம் போட்ட அதே நோட்டின் பின்னட்டை. ஓரத்தில் சாம்பார்க் கறை.

அதற்குப் பிறகு கூட்டம் தொடங்கியது. வாரியத்தில் ஆறு உறுப்பினர்கள். தலைவர் சடையப்பன் ஏழெட்டு வாரியங்களில் தலைவராக இருந்து பழகியவர். மைக்கைத் தட்டிப் பார்க்காமலேயே பேசக்கூடியவர்.

"நான் போட்டியை வரவேற்கிறவன்" என்று அவர் தொடங்கினார். "ஏழு வருடங்களாக வரவேற்றுக்கொண்டே இருக்கிறேன். தவறான போட்டி உள்ளே வந்துவிடக் கூடாதே என்றுதான் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். கதவைச் சாத்தி வைத்துக்கொண்டு வரவேற்பது எவ்வளவு கடினம் என்பது வெளியே நிற்பவர்களுக்குப் புரியாது."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். அடுத்து, இருக்கிற ஒரே கம்பெனியின் பிரதிநிதி ஹேமந்த் சிறப்பு அழைப்பாளராகப் பேசினார். கூட்டத்தின் சாப்பாட்டுச் செலவை அவருடைய கம்பெனிதான் ஏற்றிருந்தது.

"எங்களுக்கும் ஒரு போட்டியாளர் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிறோம்" என்றார் அவர். குரல் தழுதழுத்தது. "ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களை நாங்கள் நேசிக்கிறோம். அவர்கள் எங்களுக்காக எட்டு மாதம், பத்து மாதம் காத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களை இன்னொருவரிடம் எப்படி விட்டுக்கொடுப்பது?"

பிறகு ஆலோசகரின் அறிக்கை. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மார்கரெட் முடிவுரையை மட்டும் படித்தார்: நிறுவனங்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவும் இருக்கக் கூடாது, மிக அதிகமாகவும் இருக்கக் கூடாது, பொருத்தமான எண்ணிக்கையே பொருத்தமானது.

"ஆழமான கருத்து" என்றார் தலைவர். "ஆனால் எண் எங்கே?"

"எண் கேட்டால் தனி அறிக்கை தர வேண்டியிருக்கும் என்று ஆலோசகர் தெரிவித்திருக்கிறார்" என்றார் மார்கரெட்.

அப்போது ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த மண்ணில் ஐந்து ரதங்கள் இருக்கின்றன, எனவே ஐந்து நிறுவனங்கள் இருக்கட்டும் என்றார். முதல்முறையாக ஒரு எண் வாயிலிருந்து வந்துவிட்டதால் மண்டபமே அமைதியாகிவிட்டது. இன்னோர் உறுப்பினர் சுதாரித்துக்கொண்டு, ஐந்து என்பது நேரில் சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டார். உடனே மூவர் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. அவர்கள் ரதங்களை எண்ண வேனில் கிளம்பிப் போனார்கள்.

அதுவரைக்கும் சாப்பாடு. பச்சை நாடாக்காரர்களுக்கு உள்ளே குளிர்சாதன அறையில் வஞ்சிர மீன். சாம்பல் நாடாக்காரர்களுக்கு வெளியே சவுக்குத் தோப்பில் புளிசாதப் பொட்டலம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இனியன் மீனில் முள் எடுப்பது தெரிந்தது. ஹேமந்த் அவன் தோளில் கைபோட்டு என்னவோ சொல்லிச் சிரித்தார். அருணகிரி பொட்டலத்தில் இருந்த வேர்க்கடலையை ஒவ்வொன்றாகக் கடித்தான். ஒவ்வொன்றையும் ஒருவனுடைய தலையாக நினைத்துக் கடித்தான்.

துணைக்குழு மூன்று மணிக்கு வந்தது. கையில் இளநீர். "ரதங்கள் ஐந்துதான்" என்றார் குழுவின் தலைவர். "ஆனால் நான்கு வரிசையாக நிற்கின்றன. ஒன்று ஒதுங்கி நிற்கிறது. ஒதுங்கி நிற்பதைக் கணக்கில் சேர்ப்பதா என்பது கொள்கை முடிவு. அதை எங்களால் வேனில் எடுக்க இயலவில்லை."

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு கொள்கை முடிவு எடுக்கப்பட்டது. வரிசை நிறுவனங்கள் நான்கு, ஒதுங்கிய நிறுவனம் ஒன்று. ஒதுங்கிய நிறுவனம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பெயர் பதிவு செய்யலாம். மார்கரெட் தேர்வான பட்டியலைத் திரையில் போட்டார்.

நான்காவது இடத்தில் இனியனின் கம்பெனி. ஐந்தாவது இடத்தில், அதாவது ஒதுங்கிய நிறுவனமாக, அருணகிரி கம்ப்யூட்டர் சென்டர், அச்சரப்பாக்கம்.

அருணகிரி ஒரு விநாடி தன் பெயரைப் பார்த்து மலர்ந்தான். செங்கம்மாளின் பெயரை வருகிற செவ்வாய்க்கிழமையே பதிவு செய்துவிடலாம். ஏழு வருஷத்தில் யாருக்கும் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த விநாடி அவன் கண் ஒரு வரி மேலே போயிற்று. அங்கேயே நின்றுவிட்டது. இனி மாமனார் வீட்டில் இனியன் வரிசை, அவன் ஒதுங்கல். வாரம் ஏழு நாளும் இனியனுக்கு, செவ்வாய் அவனுக்கு.

"பதினைந்து நிமிடத்துக்குள் யாராவது ஆட்சேபம் தெரிவித்தால் பட்டியலை நிறுத்திவைக்கலாம்..." என்று தலைவர் நம்பிக்கை இல்லாத குரலில் சொன்னார்.

அருணகிரி எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"சார், நாலாவதா கீறாரே, அவருக்கு இதப் பத்தி ஒண்ணுமே தெரியாது சார்! நான்தான் படம் போட்டுச் சொல்லிக் குடுத்தேன். அவரு எனக்குச் சகலை. ஒரே மாமனாரு வூட்டுக்கு ரெண்டு கம்பெனியா? இது நாயமா சார்?"

தலைவர் சடையப்பனின் முகம், ஏழு வருஷமாக ரயிலுக்குக் காத்திருந்தவன் முகம்போல மலர்ந்தது. "மக்கள் பங்கேற்பு!" என்றார். "இதற்காகத்தான் நாம் இத்தனை கூட்டம் நடத்தினோம்!"

மார்கரெட் எழுந்தார். "மின்னஞ்சலில் இன்னோர் ஆட்சேபமும் வந்திருக்கிறது. ஐந்தாவது விண்ணப்பதாரர் தனக்கு உறவு என்றும், அவர் கடையில் ஜெராக்ஸ் மெஷினும் இருப்பதால் வலைப்பெயரில் கவனம் சிதறும் என்றும் நான்காவது விண்ணப்பதாரர் எழுதியிருக்கிறார்."

இரண்டு சகலைகளும் மண்டபத்தின் இரண்டு பக்கத்திலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இனியன் கையில் இன்னும் போன் இருந்தது.

இரண்டு ஆட்சேபங்களும் ஏற்கப்பட்டன. பட்டியல் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டம் வரை ஒரே கம்பெனி, தற்காலிகமாக.

வாசலில் இனியன் கார் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றான். "இன்னா சகலை, இப்டிப் பண்ணிட்ட?"

"நீ மட்டும் இன்னா பண்ண?"

"நான் மெயிலுதான போட்டேன். நீ நாலு பேரு முன்னாடி மானத்த வாங்கிட்டியே!"

அருணகிரி பஸ்ஸுக்கு நடந்தான்.

ஒரு மாதம் கழித்து வாரியத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. ஆட்சேபத்தை எழுந்து நின்று சொன்ன துணிச்சலைப் பாராட்டி, அருணகிரியை வாரியத்தின் ஏழாவது உறுப்பினராக, மக்கள் பிரதிநிதியாக நியமித்திருந்தார்கள். உட்கார்ந்தபடி மின்னஞ்சல் அனுப்பியவருக்கு அந்தத் தகுதி இல்லை என்றும் ஒரு வரி இருந்தது. அருணகிரி அந்த ஒரு வரியை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து மாமனாருக்கு அனுப்பினான்.

ஜெயப்பிரியா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "நீ மெம்பரு ஆயிட்டா, நம்ம சென்டருக்கு எழுதிப் போட்டது?"

"மெம்பரு விண்ணப்பிக்கக் கூடாதாம்."

"அப்ப செங்கம்மாக்கா வேல?"

"அதான் உள்ள பூந்துட்டேன் இல்ல? உள்ள இருந்து முடிச்சுக் குடுக்கிறேன் பாரு."

அவன் அதை மனதாரத்தான் சொன்னான். செங்கம்மாளிடமும் போய்ச் சொன்னான். அவர் சந்தோஷத்தில் ஒரு பாட்டில் எண்ணெய் கொடுத்து அனுப்பினார்.

அடுத்த கூட்டமும் அதே விடுதியில்தான். கூட்டிப்போக வாரியமே கார் அனுப்பியது. மேடையில் நாற்காலி, பெயர்ப்பலகை, மேலே நேராகக் குளிர்க்காற்று. மத்தியானம் வஞ்சிரம். ஹேமந்த் வந்து தோளில் கைபோட்டு, "உங்களைப் போன்றவர்கள் இருப்பதால்தான் போட்டி பாதுகாப்பாக இருக்கிறது" என்றார். கனமான கை. எடுக்கச் சொல்ல அருணகிரிக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பார்வையாளர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே பேசியதை வெளியே சொல்வதில்லை என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு மார்கரெட் நிலைமையை விளக்கினார். ஆட்சேபித்த அருணகிரி இப்போது உறுப்பினர் ஆகிவிட்டதால் அவருடைய ஆட்சேபம் செல்லாது. அவர் விண்ணப்பமும் இல்லை என்பதால் அவர்மீது வந்த ஆட்சேபமும் செல்லாது. ஐந்து என்று முடிவானால் பழைய பட்டியல் உயிர் பெறும். அருணகிரியின் இடத்துக்கு மட்டும் வேறு ஆள்.

"அப்ப நாலாவது?" என்றான் அருணகிரி.

"நான்காவது அப்படியே இருக்கிறது" என்றார் மார்கரெட்.

வாக்கெடுப்பு நடந்தது. ஒன்றே போதும் என்று மூன்று கைகள். ஐந்து வேண்டும் என்று மூன்று கைகள். எல்லாரும் ஏழாவது ஆளைப் பார்த்தார்கள்.

அருணகிரிக்குச் செங்கம்மாள் நினைவுக்கு வந்தார். விண்ணப்பித்துப் பன்னிரண்டு மாதம் ஆகியிருந்தது. நேற்றுக்கூட யாரோ ஒருத்தி போனில் கூப்பிட்டு, உன் எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டு என் பிள்ளை வாந்தி எடுக்கிறான் என்று அவரை அழவைத்திருந்தாள். அவன் கையைத் தூக்கினால் போதும். ஒரு வாரத்தில் அந்தப் பெயர் பதிவாகிவிடும். ஐந்து கம்பெனியில் ஏதோ ஒன்றில்.

அந்த ஏதோ ஒன்று இனியனுடையதாகவும் இருக்கலாம். இருக்கலாம் என்ன, நிச்சயம் அதுதான். செய்யூருக்கு வெள்ளைக் கார் போகும். செங்கம்மாள் இனியனுக்குக் கும்பிடு போட்டு எண்ணெய் பாட்டில் கொடுப்பார். மாமனார் பந்தியில் அதைச் சொல்லுவார். ரோகிணி அதை ஜெயப்பிரியாவிடம் சொல்லுவாள். ஜெயப்பிரியா ஒன்றும் சொல்லாமல் அவனைப் பார்ப்பாள். சொன்னால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

"மக்கள் பிரதிநிதி அவர்களே, ஐந்தா, ஒன்றா?" என்றார் தலைவர்.

"எனக்கு ஒரு சந்தேகம் கீதுங்க" என்றான் அருணகிரி. தொண்டையைச் செருமிக்கொண்டான். அதற்கு மேல் வந்த தமிழ் அவனுக்கே புதிதாக இருந்தது. "அஞ்சு கம்பெனி வந்தா மக்கள் எதுகிட்டப் போறதுன்னு குழம்பிப் போவாங்க. அந்தக் குழப்பத்தைப் பத்தி நாம இன்னும் ஆய்வு பண்ணல. அது வரைக்கும் ஒண்ணே இருக்கட்டும்ங்க."

தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கையைக் குலுக்கினார். "உங்களுக்கு இந்த வாரியத்தில் நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்றார். குழப்பத்தை ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் அருணகிரி.

சாயங்காலம் கார் அவனை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போயிற்று. ஜெயப்பிரியா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"ஆய்வுல கீது."

"அப்ப நம்மளுக்கு ஒண்ணும் இல்ல."

"இல்ல."

"இனியனுக்கு?"

"அவனுக்கும் இல்ல" என்றான் அருணகிரி. அன்றைக்கு அவன் வழக்கத்தைவிட மூன்று தோசை கூடுதலாகத் தின்றான்.

மறுநாள் காலை சென்டரைத் திறந்து உட்கார்ந்ததும் செங்கம்மாள் வந்தார். செய்யூரிலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பியிருந்தார். புடவையில் பிண்ணாக்கு வாசனை. எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"நேத்து மீட்டிங்கு போயிருந்தியாமே. எம் பேரு வந்துச்சாபா?"

"பேசிகினு கீறாங்கக்கா."

"ஒரு வருசமாப் பேசிகினேதான் கீறாங்க. கொடுத்தா இன்னா கொறஞ்சி போவுதாம்? யாருபா அங்க வேணாம்னு சொல்றது?"

அருணகிரி கம்ப்யூட்டரை ஆன் செய்தான். அது எழுந்து வரும் வரைக்கும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுக்கா" என்றான்.